காற்றாலைக் கட்டுமானத்தில் உள்ளூர்த் தொழில்கள்

காற்றாலைக் கட்டுமானத்தில் உள்ளூர்த் தொழில்கள் என்பது, காற்றாலைப் பண்ணை ஒன்றை அமைக்கும்போதும் பின்னர் இயக்கும்போதும் அவ்வட்டாரத்தைச் சேர்ந்த சிறு, குறு நிறுவனங்கள் வழங்கும் பொருள்களையும் சேவைகளையும் குறிக்கும். பாதை அமைத்தல், அடித்தளம் தோண்டுதல், ஜல்லி வழங்குதல், கம்பி கட்டுதல், மின்கம்பி இழுத்தல், வாகன வாடகை, உணவு, தங்குமிடம், காவல், பராமரிப்பு ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. காற்றாலை இயந்திரம் தொலைவிலுள்ள தொழிற்சாலையில் உருவாகிறது. அது நிற்கும் இடத்தை உருவாக்கும் பணியே பெரும்பாலும் உள்ளூருக்குக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, தேனி, கோயம்புத்தூர், திருப்பூர் மாவட்டங்களில் இத்தகைய தொழில்கள் வளர்ந்துள்ளன. இக்கட்டுரை சங்கரன்கோவில், புளியங்குடி வட்டாரத்தை முதன்மையாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

புவியியற் பின்னணி

மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று விரைவு கூடித் தமிழ்நாட்டின் சமவெளிக்குள் நுழைகிறது. பாலக்காட்டுக் கணவாய், கம்பம் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் ஆகிய நான்கும் காற்றாலைகளுக்கு உகந்தவை. இவற்றுள் செங்கோட்டைக் கணவாயின் காற்று தென்காசி, சுரண்டை, ஆலங்குளம், ஊத்துமலை, சங்கரன்கோவில், தேவர்குளம், கயத்தாறு ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலப்பரப்பில் வீசுகிறது. மே முதல் செப்டம்பர் வரை காற்று மிகுந்த காலமாகும்.

புளியங்குடி மலையடிவாரத்தை ஒட்டிக் கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலையில் அமைந்த நகராட்சி. எலுமிச்சை வணிகத்துக்குப் பெயர்பெற்றது. அதன் கிழக்கே உள்ள சங்கரன்கோவில் விசைத்தறிக்கு அறியப்பட்டது. இரண்டும் முன்னர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தில் இப்போது உள்ளன. மழைமறைவுப் பகுதியாதலால் கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல மானாவாரி நிலம் மிகுதி. காற்றாலைகளை உள்ளூர் மக்கள் பேச்சு வழக்கில் "காத்தாடி" என்பர்.

வரலாறு

இந்தியாவின் முதல் செயல்விளக்கக் காற்றாலைப் பண்ணைகளுள் ஒன்று 1986 இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் நிறுவப்பட்டது. தொடர்ந்து கயத்தாறு, முப்பந்தல் முதலிய இடங்களிலும் தமிழ்நாடு மின்சார வாரியம் இத்தகைய பண்ணைகளை அமைத்தது. 1990களில் தனியார் முதலீடு பெருகியது. நூற்பாலைகளும் சிமெண்டு ஆலைகளும் தம் மின்தேவைக்காகக் காற்றாலைகளை வாங்கின. முதலாண்டிலேயே பெருந்தொகையைத் தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ள வழங்கப்பட்ட சலுகை இதற்கு முதன்மையான தூண்டுதலாக இருந்தது.

1998 இல் காற்றாற்றல் தொழில்நுட்ப மையம் சென்னையில் தொடங்கப்பட்டது. இன்று தேசியக் காற்றாற்றல் நிறுவனம் எனப்படும் இதன் காற்றாலைச் சோதனை நிலையம் கயத்தாற்றில் உள்ளது. தமிழ்நாட்டில் நிறுவப்பட்ட காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது.

செலவின் பகிர்வு

நிலத்தில் அமையும் காற்றாலைத் திட்டம் ஒன்றின் மொத்தச் செலவில் 64 முதல் 84 விழுக்காடு வரை இயந்திரத்துக்கே செல்வதாகப் பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை 2012 இல் மதிப்பிட்டது. கோபுரம், இறக்கை, பற்சக்கரப்பெட்டி, மின்னாக்கி ஆகியவை இதில் அடங்கும். எஞ்சிய பங்கு அடித்தளம், பாதை, மின் இணைப்பு, திட்டமிடல் ஆகியவற்றுக்குரியது. உள்ளூர்த் தொழில்கள் போட்டியிடக்கூடியது இந்த எஞ்சிய பங்கில் மட்டுமே. எனினும் ஒரு திட்டத்தின் மதிப்பு பல நூறு கோடி ரூபாய் ஆகையால், இச்சிறு பங்கும் ஒரு வட்டத்தின் பொருளாதாரத்துக்குப் பெரிய தொகையாகும்.

கட்டுமான நிலைகளும் உள்ளூர்ப் பணிகளும்

நிலமும் பாதையும்: தமிழ்நாட்டில் காற்றாலைகள் பெரும்பாலும் உழவர்களிடமிருந்து விலைக்கு வாங்கிய தனியார் நிலத்தில் நிற்கின்றன. நிலம் ஒருமுறை விற்கப்படுவதுடன் உழவரின் வருவாய் முடிந்துவிடுகிறது. பின்னர் வரும் பணிகளே உள்ளூருக்குக் கிடைக்கும் தொடர் வருவாய். ஒரு காற்றாலையின் காற்றை மற்றொன்று தடுக்காதிருக்க, சுழல்வட்ட விட்டத்தின் 5 மடங்கும் 7 மடங்கும் இடைவெளி விடும் முறை தமிழ்நாட்டில் பின்பற்றப்பட்டு வந்தது. விட்டம் 120 மீட்டர் எனில் இடைவெளி முறையே 600 மீட்டரும் 840 மீட்டரும் ஆகும். ஆகவே ஒவ்வொரு காற்றாலைக்கும் தனிப் பாதை போட வேண்டியுள்ளது. சரளை, ஜேசிபி, டிப்பர், உருளை இயந்திரம் ஆகியவற்றை உள்ளூரார் வாடகைக்கு வழங்குகின்றனர்.

அடித்தளம்: 2 மெகாவாட் வகைக் காற்றாலையின் அடித்தளத்துக்குச் சில நூறு கன மீட்டர் கான்கிரீட் தேவை. இதனை 400 கன மீட்டர் எனக் கொண்டால், 6 கன மீட்டர் கொள்ளும் கலவை வண்டி ஏறத்தாழ 67 நடை வர வேண்டும். கன மீட்டருக்கு 380 கிலோ சிமெண்டு என்றால் 152 டன், அதாவது 50 கிலோ மூட்டையில் 3,040 மூட்டை ஆகும். இடையில் நிறுத்தினால் பழைய கான்கிரீட்டுக்கும் புதியதற்கும் இடையே பிடிப்பு குறையும். எனவே இடைவிடாது ஒரே மூச்சில் ஊற்றப்படுகிறது. இதற்காகக் களத்திலேயே கலவை நிலையம் அமைக்கப்படுவதுண்டு. அந்நிலையத்துக்குச் சிமெண்டு மூட்டையாக அன்றித் தூளாகவே பெரிய கொள்கலன் லாரியில் ஆலையிலிருந்து நேராக வருகிறது. திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்திலும், விருதுநகருக்கு அருகே துலுக்கப்பட்டியிலும் சிமெண்டு ஆலைகள் உள்ளன. ஆகவே ஊரிலுள்ள சிமெண்டுக் கடைக்கு இவ்விற்பனை வருவதில்லை. ஜல்லி, எம்-சாண்டு, கம்பி கட்டும் ஆட்கள், சென்டரிங் பொருள்கள், தண்ணீர் லாரி ஆகியவையே உள்ளூருக்குரியவை. கரிசல் மண்ணில் ஈரத்தால் மண் விரிந்து சுருங்குவதால் அடித்தளப் பணி கூடுதல் கவனத்தை வேண்டும்.

போக்குவரத்தும் நிறுத்துதலும்: 1990களில் பரவலாக நிறுவப்பட்டவை 200 முதல் 250 கிலோவாட் திறன் கொண்ட சிறு இயந்திரங்கள். இன்றைய இயந்திரங்கள் 2 மெகாவாட்டுக்கும் மேற்பட்டவை. கோபுரம் 120 மீட்டருக்கும், இறக்கை 60 மீட்டருக்கும் மேல் செல்கின்றன. இவற்றை ஏற்றிச்செல்லும் நீள வண்டிகளும் பெரிய கிரேன்களும் வெளியூர் நிறுவனங்களுடையவை. வளைவுகளை அகலப்படுத்துதல், குறுக்கே செல்லும் மின்கம்பிகளைத் தற்காலிகமாக உயர்த்துதல், கிரேன் நிற்கும் தளத்தை இறுக்கிச் சமன் செய்தல், வழிகாட்டு வாகனம் அனுப்புதல் ஆகியவை உள்ளூர் நிறுவனங்களால் இயல்பவை.

மின் இணைப்பு: காற்றாலையின் மின்மாற்றியிலிருந்து துணைமின் நிலையம் வரை கம்பம் நட்டு மின்பாதை இழுக்கப்படுகிறது. உரிமம் பெற்ற உள்ளூர் மின் ஒப்பந்ததாரர்களுக்கு இது நல்ல வாய்ப்பாகும். காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுசெல்லக் கயத்தாற்றில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் அமைக்கப்பட்டுள்ளது.

பிற சேவைகள்: பொறியாளர்களுக்கு வீடு, உணவு, வாடகைக் கார், காவலாளி, பட்டறை வேலை, வெல்டிங் ஆகியவற்றுக்கும் கட்டுமானக் காலத்தில் தேவை எழுகிறது.

ஒப்பந்த அடுக்குகள்

காற்றாலையின் உரிமையாளர் பெரும்பாலும் உள்ளூர் நிறுவனத்துடன் நேரடியாக ஒப்பந்தம் செய்வதில்லை. இயந்திர உற்பத்தியாளரோ திட்ட மேம்பாட்டாளரோ முழுப் பணியையும் ஏற்கிறார். அவர் கட்டுமானப் பணியை ஒரு பெரிய ஒப்பந்ததாரரிடமும், அவர் பகுதி பகுதியாகத் துணை ஒப்பந்ததாரர்களிடமும் ஒப்படைக்கின்றனர். புளியங்குடியிலோ சங்கரன்கோவிலிலோ டிப்பர் வைத்திருப்பவர் பொதுவாக மூன்றாம் அல்லது நான்காம் அடுக்கில் இருக்கிறார். மேல் அடுக்கில் பணம் தாமதமானால் அதன் சுமை கீழ் அடுக்கில் முழுமையாக விழும். டீசல், கூலி, வண்டிக்கடன் தவணை ஆகியவற்றை அவர் நாள்தோறும் மாதந்தோறும் செலுத்த வேண்டியிருக்க, அவருக்குரிய தொகை பல மாதம் கழித்தே வரக்கூடும்.

பருவமும் காலக்கெடுவும்

காற்று விரைந்து வீசும்போது இறக்கையைத் தூக்குவது இடர் மிக்கதாகையால், நிறுத்தும் பணி காற்றுக்காலத்தில் தடைபடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் மண்வேலை தடைபடுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் வேலை குவிகிறது.

வரிச்சட்டமும் இதற்குக் காரணமாக இருந்தது. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட இயந்திரத்துக்குத் தேய்மானம் பாதியளவே கிடைக்கும். எனவே செப்டம்பர் இறுதிக்கு முன்போ, தவறினால் மார்ச் 31 க்கு முன்போ இயக்கிவிட முதலீட்டாளர்கள் விரைந்தனர். இதனால் சில மாதம் வண்டி கிடைக்காத நிலையும், சில மாதம் வண்டி வேலையின்றி நிற்கும் நிலையும் மாறி மாறி ஏற்பட்டன.

கொள்கை மாற்றங்களின் தாக்கம்

தமிழ்நாட்டில் 2011-12 இல் ஏறத்தாழ 1,083 மெகாவாட் புதிய காற்றாலைத் திறன் சேர்ந்தது. அடுத்த ஆண்டில் அது ஏறத்தாழ 174 மெகாவாட்டாகச் சரிந்தது. 2012 ஏப்ரலில் விரைவுத் தேய்மானச் சலுகை நீக்கப்பட்டமை இதற்கு முதன்மைக் காரணம். காற்றாலை உரிமையாளர்களுக்கு மின்வாரியம் தர வேண்டிய தொகை நிலுவையில் நின்றதும், விளைந்த மின்சாரம் முழுவதையும் மின்கட்டமைப்பு ஏற்க இயலாமையும் உடன் சேர்ந்தன. 2011 இல் வேலை மிகுதியைக் கண்டு கடனில் ஜேசிபியோ டிப்பரோ வாங்கிய ஒருவர், அடுத்த ஆண்டிலேயே ஆறில் ஒரு பங்கு வேலைக்குப் போட்டியிட வேண்டியதாயிற்று.

சலுகை 2014 இல் மீண்டும் வந்தது. 2017 ஏப்ரல் முதல் 40 விழுக்காடாகக் குறைந்தது. 2017 பிப்ரவரியில் நடந்த முதல் ஏலத்தில் ஒரு யூனிட் விலை 3.46 ரூபாயாக இறங்கியது. ஏலத்தில் குறைந்த விலை கேட்பவரே வெல்வதால், செலவைக் குறைக்கும் அழுத்தம் ஒப்பந்த அடுக்குகளின் வழியே கீழ்நோக்கிப் பரவுகிறது.

பணம் பெறும் உரிமை

குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, கீழ் அடுக்கு நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. இதன்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள், மிகுதியாக 45 நாளுக்குள், பணம் தரப்பட வேண்டும். ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாளுக்குள் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிடப்படும். 2017 இல் தொடங்கப்பட்ட 'சமாதான்' இணையதளம் வழியாக இதற்கு முறையிடலாம்.

2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் மற்றொரு விதியைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் பணம் தராத வாங்குநர், அத்தொகையை உண்மையில் செலுத்திய ஆண்டிலேயே செலவாகக் கழிக்க முடியும்.

இவ்வுரிமைகளைப் பெற 'உத்யம்' பதிவு தேவை. இது 2020 ஜூலை முதல் இணையவழியில் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. 2025 ஏப்ரல் முதல் 2.5 கோடி ரூபாய் முதலீடும் 10 கோடி ரூபாய் விற்றுமுதலும் வரை உள்ளவை குறு நிறுவனங்கள் ஆகும். வாய்மொழியில் வேலையேற்று, நடை எண்ணிக்கையைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் நீடிக்கும் இடங்களில் சட்டத்தின் பயனைப் பெறுவது கடினம். பணியாணை, கையொப்பமிட்ட நடைச்சீட்டு, விலைப்பட்டியல் ஆகிய மூன்றும் முறையீட்டுக்கு அடிப்படைச் சான்றுகளாகும்.

பராமரிப்பும் மறுதிறனூட்டலும்

கட்டுமானம் ஓரிரு ஆண்டில் முடிகிறது. காற்றாலையோ 20 முதல் 25 ஆண்டு வரை இயங்குகிறது. எனவே நிலைத்த வாய்ப்பு பராமரிப்பில் உள்ளது. எண்ணெய் மாற்றுதல், திருகாணிகளை இறுக்குதல், இறக்கை பழுது பார்த்தல், மின்பாதை காத்தல் ஆகியவற்றுக்கு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பயின்றோர் தேவைப்படுகின்றனர். உயரத்தில் பணிபுரியும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் இதற்கு இன்றியமையாததாகி வருகிறது.

1990களில் நிறுவிய சிறு காற்றாலைகள் தம் ஆயுட்காலத்தின் முடிவை எட்டியுள்ளன. அவற்றை அகற்றிப் பெரியவற்றை நிறுவுவது மறுதிறனூட்டல் எனப்படும். நடுவண் அரசு இதற்கான கொள்கையை 2016 இல் வெளியிட்டு 2023 இல் திருத்தியது. தமிழ்நாடு அரசு 2024 இல் தனிக் கொள்கையை அறிவித்தது. பழைய கோபுரங்களை இறக்குதல், இரும்பைப் பிரித்தெடுத்தல், பழைய அடித்தளத்தை உடைத்தல், பாதைகளை அகலப்படுத்துதல் ஆகியவை உள்ளூர் நிறுவனங்களுக்குப் புதிய பணிகளாகும். கண்ணாடியிழையால் ஆன இறக்கைகளை மறுசுழற்சி செய்வது இரும்பைப் போல எளிதன்று.

பிற நாடுகளில்

தென்னாப்பிரிக்கா 2011 இல் தொடங்கிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஏலத்தின் முதற்சுற்றுகளில் விலைக்கு 70 மதிப்பெண்ணும், வேலைவாய்ப்பு, உள்நாட்டுக் கொள்முதல், அண்டைச் சமூகங்களின் பங்கு முதலியவற்றுக்கு 30 மதிப்பெண்ணும் வழங்கியது. ஸ்காட்லாந்தில் திட்ட நிறுவனங்கள் கட்டுமானத்துக்கு முன்பே உள்ளூர் வணிகர்களை அழைத்து, தேவைப்படும் பணிகளை விளக்கும் கூட்டங்களை நடத்துவது வழக்கம்.

இந்தியாவில் பொதுத்துறை நிறுவனங்கள் தம் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் பெற வேண்டும் என்ற நடுவண் அரசு விதி உள்ளது. தனியார் காற்றாலை நிறுவனங்களை இவ்விதி கட்டுப்படுத்தாது. ஆகவே அவற்றின் பணிகளில் உள்ளூர்ப் பங்கு என்பது, உள்ளூர் நிறுவனங்கள் பதிவு, எழுத்து ஒப்பந்தம், பயிற்சி ஆகியவற்றில் எவ்வளவு ஆயத்தமாக உள்ளன என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது.

இவற்றையும் பார்க்க

காற்றுத் திறன்
முப்பந்தல் காற்றாலைப் பண்ணை
செங்கோட்டைக் கணவாய்
தென்காசி மாவட்டம்