மலையைச் சுற்றுவோரும் பறவைக்குக் காத்திருப்போரும்

திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோரிலும், வேடந்தாங்கல் ஏரிக்கரையில் தொலைநோக்கியோடு நிற்போரிலும் இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள் இன்று நிறையப் பேர். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், முதல் வகையினர் வேண்டுதல் என்றோ மன அமைதி என்றோ சொல்வார்கள். இரண்டாம் வகையினர் ஒரு பறவையின் பெயரைச் சொல்வார்கள். ஒன்றைப் பக்தி என்றும் மற்றதைப் பொழுதுபோக்கு என்றும் பிரித்து வைத்துவிடலாம். ஆனால் திறந்த வெளியில் கவனத்தைப் பழக்கும் முறைகளாக இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எதிர்பாராத இடங்களில் அவை ஒன்றையொன்று தொடுகின்றன.

அமைப்பில் இரண்டும் நேர் தலைகீழ். கிரிவலத்தில் மலை நிற்கிறது, பார்ப்பவர் நகர்கிறார். பறவை நோக்கலில் பார்ப்பவர் நிற்கிறார், பார்க்கப்படுவது நகர்கிறது. 14 கிலோமீட்டர் பாதை நெடுக அருணாசல மலை வலக்கைப் பக்கமே இருக்கிறது. ஆனாலும் ஒரே மலையாக இருப்பதில்லை. ஓரிடத்தில் ஒற்றைச் சிகரம், கொஞ்சம் நடந்தால் இரண்டு, இன்னோரிடத்தில் ஐந்து முகம். ஏரிக்கரையிலோ காட்சியின் சட்டகம் மாறுவதில்லை. நீருக்குள் நிற்கும் அதே மரங்களுக்கு நத்தைகுத்தி நாரை சுள்ளியோடு வந்து இறங்குகிறது. அதே தண்ணீரில் பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டிப் போகிறது.

அவசரத்துக்கு இரண்டிலும் இடமில்லை. நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதைப் போல நடக்க வேண்டும் என்பது கிரிவலத்தின் பழைய விதி. பணிவைப் பற்றிய அறிவுரையாகவே பலரும் இதை எடுத்துக்கொள்கிறார்கள். வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இதில் உள்ள உடல் நுட்பம் புரியும். பகலெல்லாம் காய்ந்த தார்ச்சாலை இருட்டிய பிறகும் சூட்டை விடாது. அதிலிருந்து மண்ணுக்கு இறங்கும் இடத்தைக் கண்ணுக்கு முன் பாதம் அறிகிறது. மெல்ல வைக்கும் அடிதான் அதை அறிய விடும். பறவை நோக்குபவருக்கு இப்படி யாரும் விதி சொல்வதில்லை, பறவைகளே கற்றுக்கொடுத்துவிடுகின்றன. விறுவிறுவென்று புதரருகே வந்தவருக்கு முதல் சில நிமிடங்கள் இலைதான் தெரியும். அசையாமல் நின்ற பிறகே தையல்சிட்டு மறுபடி குரல் கொடுக்கும், சாம்பல் கதிர்க்குருவி வாலைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்.

மனத்துக்கு எதைக் கையில் கொடுப்பது என்பதில்தான் இரண்டும் கூர்மையாகப் பிரிகின்றன. கிரிவலம் ஒரே பெயரைக் கொடுக்கிறது. அருணாசல சிவ என்று அடிக்கு அடி சொல்லிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் அந்தச் சொல் மூச்சின் தாளத்தோடு சேர்ந்துகொள்கிறது. பறவை நோக்கல் பல பெயர்களைக் கொடுத்து, ஒன்றை மற்றொன்றோடு குழப்பாதே என்கிறது. சிறிய நீர்க்காகமா, இந்திய நீர்க்காகமா? அலகு குட்டையா, மெலிந்து நீண்டதா? கண்ணில் நீலப்பச்சை தெரிகிறதா? ஒன்று வேறுபாடுகளைக் கரைக்கிறது, மற்றது வேறுபாடுகளைத் தேடுகிறது. ஆயினும் மனத்தைக் காலியாக்கு என்று இரண்டுமே கேட்பதில்லை. வேலைக்கான நேர்முகத் தேர்வையும் பதில் வராத செய்தியையும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கும் இருபத்திரண்டு வயதுக்காரரிடம், எதையும் நினைக்காமல் கண்ணை மூடி உட்கார் என்பது கடுமையான கோரிக்கை. சொல்ல ஒரு பெயரோ, தீர்க்க ஓர் ஐயமோ கொடுத்தால் அவரால் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது. இந்த வயதினருக்கு இவ்விரண்டும் உகந்தவை என்று நான் கருதுவதற்கு முதல் காரணம் இதுவே.

நான் மிகவும் மதிக்கும் உறவு வேறோர் இடத்தில் இருக்கிறது: இரண்டுமே விரும்பும் பொருளிடமிருந்து தள்ளி நிற்பவை. கிரிவலம் என்பது மலையேற்றம் அன்று. 2,668 அடி உயர மலை கண்ணெதிரே நிற்க, ஏறாமல் அதைச் சுற்றி வருகிறார்கள். சுற்றும்போதும் பாதையின் இடப்பக்கமாகவே நடப்பது மரபு. மலையை ஒட்டிய வலப்பக்கம் சித்தர்களுக்கும் தேவர்களுக்கும் உரியது என்பது நம்பிக்கை. நம்பிக்கை இல்லாதவரும் அந்த ஓரத்தை விட்டு நடந்து பார்க்கலாம். மிக நல்ல இடத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளாமல் நான்கு மணி நேரம் நடப்பது கவனத்தின் தன்மையையே மாற்றுகிறது. பறவை நோக்குபவரின் ஒழுக்கமும் இதே வடிவம் கொண்டது. கூட்டை நெருங்கக் கூடாது. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது. நல்ல படம் கிடைக்கும் என்பதற்காகக் குஞ்சுகளுக்கு இரை கொண்டுவரும் தாயை விரட்டக் கூடாது. வேடந்தாங்கலில் இந்த ஒழுக்கம் பறவை நோக்குவோர் வருவதற்கு வெகு காலம் முன்பே ஊராரிடம் இருந்தது. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்றறிந்த அவர்கள், பறவைகளைச் சுடுவோரிடமிருந்து காப்பதற்கான உரிமையை 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தாகவே பெற்றார்கள். கூடுகள் கலையக் கூடாதென்று தீபாவளிக்கும் அங்கே வெடிச் சத்தம் கேட்பதில்லை.

இப்படிப்பட்ட கவனத்தின் இரு வடிவங்களை இருவரின் வாழ்க்கையில் பார்க்கலாம். 1896 செப்டம்பரில், பதினாறு வயதில், வேங்கடராமன் என்ற மாணவர் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட அவர், அதன்பின் அந்த மலையை விட்டு அகலவே இல்லை. அதே ஆண்டு நவம்பரில் பம்பாயில் பிறந்தவர் பறவையியலாளர் சாலிம் அலி. சிறுவனாக விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு, அதன் கழுத்தில் இருந்த மஞ்சள் திட்டு என்னவென்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியதில் அவருடைய பயணம் தொடங்கியது. ஆண்டு ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். இருந்தும் எனக்கு அது மகிழ்ச்சி தருகிறது. ஒருவர் ஒன்றையே வாழ்நாள் முழுக்கப் பார்த்தார், மற்றவர் பலவற்றை வாழ்நாள் முழுக்கப் பார்த்தார்.

ஆய்வுகளும் இணையாகவே கிடைக்கின்றன. 2015-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், புல்வெளியும் மரங்களும் உள்ள இடத்தில் 90 நிமிடம் நடந்தவர்களுக்கு, ஒரே கவலையை மனத்துக்குள் அசைபோடும் போக்கு குறைந்தது. வாகனங்கள் நிறைந்த சாலையில் நடந்தவர்களுக்குக் குறையவில்லை. 2022-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி, 1,292 பேரின் கைப்பேசிப் பதிவுகளைக் கொண்டு, பறவையைப் பார்ப்பதும் கேட்பதும் மனநலத்தோடு தொடர்புடையவை என்றும் அந்த நன்மை எட்டு மணி நேரம் வரை நீடிக்கலாம் என்றும் கண்டது. முன்னதில் மலையும் இல்லை, மந்திரமும் இல்லை. பின்னதில் பறவையின் பெயர் தெரிய வேண்டிய தேவை இல்லை.

இடையூறுகள் வேறு வேறு. கிரிவலத்துக்குக் கூட்டம். பௌர்ணமி இரவில் நம் நடையின் வேகத்தை நாம் முடிவு செய்ய முடிவதில்லை. தனித்த கவனம் வேண்டுவோர் சாதாரண நாளின் விடியற்காலையைத் தேர்வது நல்லது. பறவை நோக்கலுக்குக் கைப்பேசி. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி அருமையான ஆசிரியர். ஆனால் காது தானாகத் தேடும் முன்பே திரையில் விடை வந்துவிட்டால், கேட்பது அங்கேயே நின்றுபோகிறது. முதல் பத்து நிமிடமாவது அதைப் பைக்குள் வைத்திருக்கலாம்.

விட்டுச் செல்லும் தடத்திலும் இரண்டும் எதிரெதிர். கிரிவலத்தின் முடிவில் பதிவு என்று ஏதும் இல்லை; தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறோம். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஒருவர் 15 நிமிடம் கவனித்து இபேர்டு இணையதளத்தில் ஏற்றும் பட்டியலோ அவரைத் தாண்டிப் போகிறது. 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்குவோரின் பதிவுகளிலிருந்து 942 இனங்களை மதிப்பிட்டது. எதற்கும் கணக்குக் காட்டிச் சலித்தவர்களை மலைப்பாதை இழுக்கலாம். தன் பார்வை எங்காவது பயன்பட வேண்டும் என்று ஏங்குபவர்களை ஏரி இழுக்கலாம்.

சென்னையிலிருந்து கிளம்புவோர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. படாளத்தில் மேற்கே திரும்பினால் வேடந்தாங்கல். நெடுஞ்சாலைக்குத் திரும்பித் திண்டிவனம், செஞ்சி வழியே போனால் திருவண்ணாமலை. ஏரி நிறைந்து பறவைகள் கூடும் டிசம்பர், ஜனவரி மாதங்களில்தான் வெறுங்கால் நடைக்கும் தரை இதமாக இருக்கிறது.