சுட்டு எண்ணியவர்கள், பார்த்து எண்ணியவர்கள்: ஒரு போட்டியின் வரலாறு

1/
இன்னைக்கு மருந்து, மாத்திரை எதுவும் இல்லை. ஒரு போட்டியோட வரலாறு சொல்றேன். பரிசுப் பணம் கிடையாது, கோப்பை கிடையாது. ஆனா லட்சக்கணக்கான பேர் விளையாடுறாங்க. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க. கடைசியில நம்ம ஊர் பாம்புக்கடியில வந்து முடியும்.

2/
1886, நியூயார்க். ஃபிராங்க் சாப்மன் என்ற இளைஞர், வங்கி வேலை பார்த்தவர், கல்லூரிப் படிப்பு கிடையாது. மான்ஹாட்டன் தெருக்களில் நடந்து, எதிரே வரும் பெண்களின் தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542-ல் பறவை இறகோ, பாடம் செய்த முழுப் பறவையோ இருந்தது. எந்தெந்தப் பறவை என்று இனம் பிரித்தபோது 40 வகை தேறியது. நகரத்துக்குள்ள ஒரு தனி மனுஷன் எடுத்த பறவைக் கணக்கு. என்ன, எல்லாமே செத்த பறவை.

3/
அந்தக் காலத்து அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று ஒரு வழக்கம் இருந்தது. ஆண்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, துப்பாக்கியோடு கிளம்புவார்கள். கண்ணில் பட்டதை எல்லாம் சுடுவார்கள். சாயந்தரம் எந்த அணியின் குவியல் பெரிசோ அந்த அணி ஜெயிச்சது. சாப்பிடுறதுக்காக இல்லைங்க, வெறும் எண்ணிக்கைக்காக.

4/
சாப்மன் பின்னாளில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பறவையியலாளர் ஆனார். 1900-ல் தன் பத்திரிகையில் ஒரு யோசனை சொன்னார்: போட்டி இருக்கட்டும், அணி இருக்கட்டும், சுட வேண்டாம், பார்த்து எண்ணி எழுதி அனுப்புங்கள்.

இங்கதான் அவரோட சாமர்த்தியம். "வேட்டை பாவம், விட்டுடுங்க"னு அவர் உபதேசம் பண்ணலை. மனுஷனுக்குப் போட்டி பிடிக்கும்னு தெரிஞ்சு, போட்டியை அப்படியே வெச்சுக்கிட்டு துப்பாக்கியை மட்டும் வாங்கிக்கிட்டார். குடியை நிறுத்தச் சொல்லி நோயாளிகிட்ட தோத்துப்போன எந்த டாக்டருக்கும் இதோட அருமை புரியும்.

5/
அந்த முதல் கிறிஸ்துமஸில் கலந்துகொண்டது 27 பேர். 25 இடங்கள். சுமார் 90 வகைப் பறவைகள். அவ்வளவுதான். ஆனா மறுவருஷமும் எண்ணினாங்க. அதுக்கடுத்த வருஷமும். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் எண்ணிக்கிட்டு இருக்காங்க.

6/
இதனால என்ன பிரயோஜனம்னு கேப்பீங்க. ஒரே ஒரு தடவை பார்த்த பிரஷரை வெச்சு நான் பெரிசா எதையும் முடிவு பண்ண மாட்டேன். பத்து வருஷ ரீடிங் கொடுங்க, கதையே சொல்லிடுவேன். இயற்கையும் அப்படித்தான். 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1970-க்குப் பிறகு வட அமெரிக்காவில் சுமார் 290 கோடி பறவைகள் குறைந்துவிட்டன என்று சொன்னது. அதற்கு ஆதாரமான கணக்குகளில் இந்தக் கிறிஸ்துமஸ் கணக்கும் ஒன்று. சம்பளம் வாங்காம குளிர்ல நின்னு எண்ணினவங்க எழுதின நோட்டு அது.

7/
இப்ப காட்டை விட்டு ஊருக்குள்ள வருவோம். "நகரத்துல என்ன இருக்கு, காக்காவும் கரப்பானும்தானே?" விஞ்ஞானிகள்கூட ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தாங்க.

லாஸ் ஏஞ்சலஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள், வீடுகளின் பின்பக்கத் தோட்டங்களில் பூச்சி பிடிக்கும் கூடாரவலைகளைக் கட்டினார்கள். இடம் கொடுத்தது சாதாரண வீட்டுக்காரர்கள். 2015-ல் முடிவு வந்தது: ஒரே ஈ வகையறாவில், அறிவியலுக்கே புதிதான 30 இனங்கள். அமேசான்ல இல்லைங்க. துணி காயப்போடுற இடத்துல.

8/
அடுத்த வருஷம், 2016. அமெரிக்காவின் முதல் குடிமக்கள் அறிவியல் நாள் கொண்டாட்டம். அதே அருங்காட்சியகத்தின் லைலா ஹிக்கின்ஸும், சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா அறிவியல் அகாடமியின் அலிசன் யங்கும் பேசிக்கிட்டாங்க: நம்ம ரெண்டு ஊரும் மோதிப் பார்ப்போமா?

மதுரைக்காரர் கோயம்புத்தூர்காரரை வம்புக்கு இழுக்கிற மாதிரிதான். எட்டு நாள் போட்டி. ஊருக்குள்ள வாழுற செடி, பூச்சி, பறவை எதுவானாலும் போட்டோ எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில போடணும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், 20,000-க்கும் மேற்பட்ட பதிவுகள், ஒவ்வொரு ஊரிலும் சுமார் 1,600 இனங்கள்.

9/
அப்புறம் பத்திக்கிச்சு. 2017-ல் 16 அமெரிக்க நகரங்கள். 2018-ல் உலகம் முழுக்க 68. 2019-ல் 159. அந்த வருஷம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் எல்லாரையும் முந்தியது. 2022-ல் பொலிவியாவின் லா பாஸ், நாலே நாளில் 1,30,000-க்கும் மேல் பதிவுகள் போட்டு அசத்தியது. பணக்கார ஊருக்குத்தான் அறிவியல்னு நினைச்சவங்களுக்கு நல்ல பதில்.

10/
நடுவுல 2020. ஏப்ரல் மாசம், ஊரடங்கு. நாங்க எல்லாம் கவச உடைக்குள்ள வேர்த்துக்கிட்டு இருந்த நேரம். அமைப்பாளர்கள் போட்டியை ரத்து செய்தார்கள், பதிவை ரத்து செய்யவில்லை. "யாரும் யாரையும் ஜெயிக்க வேண்டாம். இருக்கிற இடத்திலேயே பாருங்க." அந்த வருஷம் 244 நகரங்கள், 41,000 பேர், 8 லட்சத்துக்கும் மேல் பதிவுகள். ஜன்னல்ல வந்த விட்டில், பாத்ரூம் மூலையில சிலந்தி, தொட்டிச் செடியில எறும்பு. வீட்டுக்குள்ள அடைபட்ட மனுஷங்க, தன்கூட யார் குடியிருக்காங்கன்னு முதல் தடவையா பார்த்தாங்க.

11/
"கண்டவன் எடுத்த போட்டோவை எப்படி நம்புறது?" நியாயமான கேள்வி. நாங்க செகண்ட் ஒப்பீனியன் கேட்போம்ல, அதே முறைதான். படமோ ஒலியோ, தேதி, இடம் மூணும் இருக்கணும். உயிர் இயல்பா வாழ்றதா இருக்கணும், நட்டதோ வளர்த்ததோ ஆகாது. இனம் எதுன்னு சொல்றவங்கள்ல மூணில் ரெண்டு பங்குக்கு மேல ஒத்துப்போகணும். அப்பத்தான் ஆய்வுத் தரம். குறையும் இருக்கு. ஆள் நடமாடுற இடத்துலதான் பதிவு குவியும், பட்டாம்பூச்சிக்குக் கிடைக்கிற மவுசு புழுவுக்குக் கிடைக்காது. அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கணக்கைப் படிக்கணும்.

12/
மருத்துவத்துக்கு இதுல என்ன? ஸ்பெயினில் கொசுவைப் போட்டோ எடுத்து அனுப்ப ஒரு செயலி இருக்கு. 2018-ல் அஸ்தூரியாஸ் பகுதியில் ஒருவர் அனுப்பிய படத்தைப் பார்த்து நிபுணர்கள் நேரில் போனார்கள். ஏடிஸ் ஜப்பானிகஸ். ஸ்பெயினில் அதுவரை பதிவே இல்லாத கொசு. டெங்கு கொசுவின் சொந்தக்காரன். புதுக் கொசு ஊருக்குள்ள வந்ததை முதல்ல கண்டுபிடிச்சது ஆஸ்பத்திரி இல்லை, ஒரு குடிமகனோட போன்.

13/
இப்ப நம்ம ஊர். பாம்பு கடிச்சா, அதை அடிச்சுக் கொன்னு பையில போட்டு கொண்டு வர்றவங்க இன்னும் இருக்காங்க. தயவுசெய்து வேண்டாம். தேடி அடிக்கப் போய் ரெண்டாவது ஆளும் கடி வாங்குறார், நேரமும் போகுது. நம்ம விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்தே வேலை செய்யும். தூரத்துல நின்னு ஒரு போட்டோ எடுக்க முடிஞ்சா எடுங்க. முடியலைனா விட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க.

1900-ல் சாப்மன் சொன்னதும் இதுதானே? கொன்னு கொண்டு வராதே, பார்த்துட்டுச் சொல்லு.

14/
தமிழ்நாட்டிலும் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. பதினைஞ்சு நிமிஷம் போதும், மொட்டை மாடி போதும். உங்க பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போங்க. ஒரு தேதி, ஒரு இடம், ஒரு பெயர் எழுதி வைங்க. முப்பது வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தர், "அந்தத் தெருவில் அப்போது சிட்டுக்குருவி இருந்ததா?" என்று கேட்கும்போது, பதில் உங்க நோட்டுல இருக்கும்.

இன்னைக்கு காலையில உங்க ஜன்னல்ல என்ன பார்த்தீங்க? கீழே எழுதுங்க, படிக்கிறேன்.