கான்ட்ராக்ட் ஊழியருக்கும் பென்ஷன் உண்டா? உடல் முடங்கினால் என்ன செய்யணும்?

‘கான்ட்ராக்ட் வேலைக்கு ஏது பென்ஷன்?’ என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால், பி.எஃப். பாஸ்புக்கில் பென்ஷன் பங்கு வரவாகியிருந்தால், 1995-ம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் வழி இருக்கு.

யாருக்கு?
வேலையில் இருக்கும்போதே நிரந்தரமாக, முழுமையாக உடல் இயலாமல் போனவர்களுக்கு.

எத்தனை வருஷ சர்வீஸ்?
வழக்கமான பென்ஷனுக்கு 10 ஆண்டுகள் வேண்டும். இதற்கு ஒரு மாதப் பங்களிப்பு போதும்.

எவ்வளவு?
மாதம் குறைந்தது 1,000 ரூபாய், ஆயுள் முழுக்க.

எப்படி?
படிவம் 10டி கொடுக்க வேண்டும். பார்த்துவந்த வேலையை இனி செய்ய முடியுமா என்பதை மருத்துவக் குழு பரிசோதித்துச் சொல்லும்.

உஷார்!
அவசரத்தில் படிவம் 10சி கொடுத்து பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுத்துவிட்டால், மாதாமாதம் வரவேண்டியது கைவிட்டுப் போகும்.