வெள்ளக் கணக்கின் வழக்காறுகள்

தில்லியில் வாழும் தமிழர்களுள் யமுனையின் மேலுள்ள பழைய இருப்புப்பாதைப் பாலத்தை அறியாதவர் அரியர். ஊரார் அதனை 'லோஹே கா புல்', அதாவது இரும்புப் பாலம் என்பர். மழைக்காலத்தில் செய்திகளில் நாம் கேட்கும் யமுனையின் நீர்மட்டம் அப்பாலத்தினருகே அளக்கப்படுவதே. நம் நாட்டில் அறிவியல் முறையிலான வெள்ள முன்னறிவிப்பு 1958-ஆம் ஆண்டில் தொடங்கியதும் அவ்விடத்திற்கேயாகும்.

அங்கே அபாய மட்டம் 205.33 மீட்டர் என்று கேட்கும் புதியவர், ஆறு அத்தனை ஆழமோ என்று மலைக்கக்கூடும். அது ஆழமன்று; கடல் மட்டத்திற்கு மேலான உயரம். அக்கடல் மட்டமும் ஒரு வழக்காறே. ஒன்பது துறைமுகங்களில் கடலின் ஏற்ற இறக்கத்தை அளந்து, அவற்றை ஆதாரமாகக்கொண்டு நாடெங்கும் உயரங்களைக் கணித்த இந்திய நில அளவைத் துறையின் பெரும்பணி 1909-இல் நிறைவுற்றது. அவ்வொன்பதனுள் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. ஆகவே, யமுனைக் கரையில் எழுதப்படும் எண்ணின் அடித்தளத்தில் நம் கடற்கரைக்கும் பங்குண்டு.

மழைக் கணக்கிற்கும் இத்தகைய உடன்பாடு வேண்டும். மாகாணங்கள் தத்தம் போக்கில் நடத்திவந்த வானிலைப் பணிகளை ஒருமுகப்படுத்த 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. இன்று அத்துறையின் நிலையங்களில் அன்றாட மழை காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. செவ்வாய்க்கிழமை காலையில் அளந்த மழை செவ்வாய்க் கணக்கில் ஏறும். ஆனால் அந்த 24 மணி நேரத்துள் பதினைந்தரை மணி நேரம் திங்கட்கிழமையைச் சார்ந்தது!

முற்காலத்தில், மேல்நிலையத்தின் நீர்மட்டத்தைக் கொண்டு கீழ்நிலையத்தின் மட்டத்தை வரைபடத்தாளில் கணித்தனர். ஐயம் எழுந்தால், கணிப்பவர் அளந்தவரையே கேட்டுத் தெளியலாம். இன்று அப்பணியைக் கணிப்பொறி செய்கிறது. கேள்வி கேட்கும் வழக்கம் அதற்கில்லை. முன்கூட்டியே விதித்ததையே அது மெய்யெனக் கொள்ளும். நம் காலை எட்டரை மணி, கிரீனிச் நேரப்படி 3 மணி. இவ்விரண்டையும் மயக்கினால் கணக்கு ஐந்தரை மணி நேரம் பிறழும். அணையிலிருந்து விடும் நீரைக் கன அடியில் சொல்வது நம்மிடையே நிலைத்துவிட்ட வழக்கம். அதனைக் கன மீட்டரெனப் படித்தால் வெள்ளம் முப்பத்தைந்து மடங்காகப் பெருகித் தோன்றும்.

எல்லாவற்றினும் கொடியது வெற்றிடத்தில் சுழியம் இடுவது. மழை பெய்யவில்லை என்பது வேறு. அளக்கப்படவில்லை என்பது வேறு. பெருமழையில் தந்திக்கம்பி சாய்ந்து செய்தி வராத நாளுக்குச் சுழியம் எழுதினால், மிகுதியாகப் பெய்த இடமே வறண்ட இடமாகக் கணக்கில் புகும். இதற்காகவே, மழையளவாக ஒருபோதும் வரவியலாத −999 போன்ற எண்ணை 'அளவு இல்லை' என்பதன் குறியாக இடுவதுண்டு. அக்குறியின் பொருளையும் கணிப்பொறிக்குச் சொல்லியாக வேண்டும்.

இவை எழுத்தர் வேலையின் சிறுமைகள் அல்ல. ஹரியானாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து விடப்படும் நீர் தில்லியை அடைய வழக்கமாக இரண்டு மூன்று நாட்களாகும். அந்த அவகாசமே கரையோரக் குடிசைவாசிகள் குழந்தைகளையும் கால்நடைகளையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் கொண்டு மேடேறுவதற்கு உரியது. கணக்கில் ஒரு நாள் பிழைத்தால் அவர்களிடமிருந்து ஒரு நாள் பறிபோகும்.

1978-இல் 207.49 மீட்டரைத் தொட்ட யமுனை, 2023 ஜூலையில் 208.66 மீட்டர் வரை உயர்ந்தது. நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளியிலும் இவ்விரு வெள்ளங்களை நாம் ஒப்பிட முடிவது, இரண்டும் ஒரே அடிமட்டத்திலிருந்து அளக்கப்பட்டமையால்தான். ஆகவே, அடுத்த மழைக்காலத்தில் ஆற்றின் மட்டத்தைக் கேட்கும்போது, அது எந்த நேரத்து அளவு, அபாய மட்டத்திற்கு எவ்வளவு மேல் என்பவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். கரையோரத்தில் வாழும் அயலாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.