அழைக்கும் சொல்லில் இருக்கிறது கண்ணியம்: இனப்பெயர்களும் நமது அன்றாடப் பேச்சும்

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பிழைக்கப் போன தமிழ் முஸ்லிம்களுக்கு அங்கே இரண்டு பெயர்கள் கிடைத்தன. ஒன்று 'சூலியா'. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களை அப்படி அழைத்தார்கள். மற்றொன்று 'கிளிங்' அல்லது 'கெலிங்'. கலிங்கம் என்ற நாட்டின் பெயரிலிருந்து வந்ததாகக் கூறப்படும் இச்சொல், தொடக்கத்தில் தென்னிந்தியர்களைக் குறிக்கும் வெறும் அடையாளமாகவே இருந்தது. பினாங்கில் 1801-ல் காதர் முகைதீன் தலைமையில் உருவான பள்ளிவாசலுக்கு இன்றும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்றுதான் பெயர்.

ஆனால் காலப்போக்கில் அதே சொல் கூலிக்காரர்களை ஏளனம் செய்யும் சொல்லானது. சிங்கப்பூர் இந்தியர்கள் அதை அவமதிப்பாகக் கருதியதால், அங்கிருந்த 'கிளிங் தெரு' 1920-களின் தொடக்கத்தில் 'சூலியா தெரு' என்று மாற்றப்பட்டது. ஒரு சொல் தன்னைக் காயப்படுத்துகிறது என்று ஒரு சமூகம் சொன்னது, நிர்வாகம் அதற்குச் செவிசாய்த்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்த இம்மாற்றத்திலிருந்து, புதுக்கோட்டை மாவட்டத்தில் வாழும் நாம் இன்று கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

நம்மைக் குறித்த பெயர்கள்

தமிழ் முஸ்லிம்களுக்கு வழங்கிய பெயர்கள் பல. 'யவனர்' என்பதிலிருந்து 'சோனகர்' வந்தது. 'துருக்கர்' என்பதே 'துலுக்கர்' ஆனது. ராவுத்தர் என்பது குதிரையோடு தொடர்புடைய பெயர். முருகனையே 'ராவுத்தன்' என்று அழைத்துப் பாடியிருக்கிறார் அருணகிரிநாதர் என்றால், அன்று அச்சொல்லுக்கு இருந்த மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். மரைக்காயர் என்பது மரக்கலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்.

'துலுக்கர்' என்பதும் முதலில் வசைச்சொல் அல்ல. ஸ்ரீரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியாருக்குத் தனி இடம் இருக்கிறது. பூவுக்கும் 'துலுக்க சாமந்தி' என்று பெயர் உண்டு. ஆனால் இன்று சண்டையில் ஒருவரைப் பார்த்து அதே சொல்லை வீசும்போது, அதன் பழைய வரலாறு யாருக்கும் ஆறுதல் தருவதில்லை. 'பாய்' என்பதும் அப்படித்தான். சகோதரன் என்று பொருள்படும் அழகான சொல் அது. கடைத்தெருவில் மரியாதையோடு சொன்னால் மனம் குளிர்கிறது. அலுவலகத்திலோ வகுப்பிலோ பெயர் தெரிந்த பிறகும் ஒருவரை 'பாய்' என்று மட்டுமே அழைத்தால், அவருடைய பெயர் மறைந்து மதம் மட்டும் மிஞ்சுகிறது.

சொல்லின் வேர் எதுவாக இருந்தாலும், அது கேட்பவரின் காதில் எப்படி விழுகிறது என்பதே முக்கியம்.

மார்க்கம் காட்டும் வழி

திருக்குர்ஆனின் 49-வது அத்தியாயமான அல்ஹுஜுராத்தில் இரண்டு வசனங்கள் அருகருகே இருக்கின்றன. 11-வது வசனம் ஒருவரையொருவர் பரிகசிப்பதையும், குத்திக்காட்டுவதையும், இழிவான பட்டப்பெயர்களால் அழைப்பதையும் தடுக்கிறது. 13-வது வசனம், மனிதர்கள் பல சமூகங்களாகவும் கிளைகளாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எல்லைக்கோடு தெளிவாகத் தெரியும். அறிமுகத்துக்காக இனப்பெயர் சொல்வதில் குற்றமில்லை. இழிவுபடுத்தச் சொல்வதே குற்றம்.

ஸஹாபாக்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. பிலால் ஹபஷி, ஸல்மான் ஃபார்ஸி, ஸுஹைப் ரூமி (ரலி) ஆகியோரின் பெயர்களில் அபிசீனியாவும் பாரசீகமும் ரோமும் இருக்கின்றன. அவை அவர்களுக்குக் கண்ணியக் குறைவாக இருந்ததில்லை. அதே நேரத்தில் அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சுட்டி இழித்துப் பேசியபோது, "உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறது" என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். உங்கள் பொறுப்பில் வேலை செய்வோர் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையே அவர்களுக்கும் உண்ணக் கொடுங்கள் என்ற அறிவுரையும் அதே நபிமொழியில்தான் வருகிறது. இது புகாரியில் பதிவாகியுள்ளது.

அன்றாடப் பேச்சையே திருத்தினார்கள் நபி (ஸல்) அவர்கள். எஜமானர்கள் "என் அடிமை" என்று சொல்வதைத் தடுத்து, "என் பணியாள், என் இளைஞர்" என்ற பொருள்தரும் சொல்லைப் பயன்படுத்தச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்களோ, முன்பு அடிமையாக இருந்த பிலால் (ரலி) அவர்களை "எங்கள் தலைவர்" என்று குறிப்பிட்டார்கள்.

சட்டமும் அரசும் சொல்வது

பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் இயற்றப்பட்டது. பொதுப்பார்வையில் படும் இடத்தில் அம்மக்களைச் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவது இச்சட்டப்படி குற்றம். குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறைத்தண்டனை கிடைக்கும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒரு சொல் குறிப்பிட்ட சாதியின் பெயராக இருந்தாலும் அது இழிவுபடுத்தவும் பயன்படுகிறது என்பதைச் சுட்டிக்காட்டியது. "சாதிப்பெயரைத்தானே சொன்னேன்" என்ற சாக்கு அங்கே செல்லவில்லை.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தார். 'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்றார். குடியிருப்பு என்ற சாதாரணப் பொருளுள்ள ஆங்கிலச் சொல்கூட நம் நாவில் தீண்டாமையைச் சுமந்துவிட்டது.

இது நம் மாவட்டத்துக்குத் தொலைவான விஷயம் அல்ல. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமையை நாடே அறியும். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த கவிதா ராமு நேரில் சென்றபோது, இறையூர் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை இருப்பது தெரியவந்தது. அம்மக்களை அவர் அய்யனார் கோயிலுக்குள் அழைத்துச் சென்றபோது, ஒரு பெண் அவர்களை இழிவாகப் பேசியதற்காகவும் தனி வழக்குப் பதிவானது. குவளையைப் பிரித்து வைப்பதற்கும் சொல்லால் பிரித்து வைப்பதற்கும் இடையே தூரம் அதிகமில்லை.

நம் வீட்டுப் பேச்சு

நம்மை யாராவது மதத்தைச் சொல்லி ஏளனம் செய்தால் துடிக்கிறோம். அந்த வலியை அறிந்த நாம், நம் வீட்டுத் திண்ணையில் எப்படிப் பேசுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

துணி வெளுக்கவும் தோட்ட வேலைக்கும் வரும் அறுபது வயது முதியவரை, நம் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளை "வா, போ" என்று ஒருமையில் அழைக்கும்போது நாம் திருத்துகிறோமா? அவருடைய பெயர் நமக்குத் தெரியுமா, அல்லது அவருடைய சாதிதான் பெயரா? கட்டட வேலைக்கும் உணவகத்துக்கும் வரும் பீகார், ஒடிசா தொழிலாளர்களை 'வடக்கன்' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். வளைகுடாவில் நம் பிள்ளைகளைப் பெயர் சொல்லாமல் ஊர்ப்பெயராலும் நாட்டுப்பெயராலும் அதட்டும் முதலாளியைப் பற்றிப் புலம்புவதும் நாம்தான்.

நமக்குள்ளேயும் இது உண்டு. ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, தக்னி என்ற பிரிவுகள் இடஒதுக்கீட்டுச் சான்றிதழுக்குத் தேவைப்படலாம். 2007-ல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு வந்தபோது பட்டியலில் இப்பெயர்களும் இடம்பெற்றன. ஆனால் சான்றிதழில் இருக்க வேண்டிய பெயர் சம்பந்தம் பேசும்போது தராசாக மாறினால், அது 13-வது வசனம் சொல்லும் அறிமுகம் ஆகாது. ஒரு வீட்டில் அத்தா, இன்னொரு வீட்டில் வாப்பா. இந்த வேறுபாட்டை ரசிக்கலாம், கேலி செய்யக்கூடாது. இஸ்லாத்தை ஏற்று இரண்டு தலைமுறை கடந்த குடும்பத்தை இன்னமும் 'புதுசா வந்தவங்க' என்று சொல்வது, அவர்களை வாசலிலேயே நிறுத்தி வைப்பதாகும்.

செய்யக்கூடியவை

• ஒருவரை எப்படி அழைப்பது என்று தெரியாவிட்டால் அவரிடமே பெயரைக் கேட்போம்.
• வேலைக்கு வருவோரில் மூத்தவர்களை அண்ணன், அக்கா, ஐயா, அம்மா என்று பிள்ளைகள் அழைக்கட்டும்.
• ஒரு சொல் புண்படுத்துகிறது என்று எதிரில் இருப்பவர் சொன்னால், வாதம் செய்யாமல் விட்டுவிடுவோம்.
• மக்தப் மதரஸாக்களில் 49-வது அத்தியாயத்தின் இவ்விரு வசனங்களையும் பொருளோடு கற்றுக்கொடுக்கலாம். ஜுமுஆ பயானிலும் இதை எடுத்துச் சொல்லலாம்.
• பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஏதேனும் பட்டப்பெயரைக் கொண்டுவந்தால், அதட்டுவதற்கு முன் அதன் பொருளை விளக்குவோம்.

இதற்குப் பணம் செலவாவதில்லை, கூட்டம் கூட்டவும் வேண்டியதில்லை. நாளைக் காலை வாசலில் வந்து நிற்கும் மனிதரை எப்படி அழைக்கிறோம் என்பதிலேயே தொடங்கிவிடலாம். நம் நாவுகளை அல்லாஹ் பேணிப் பாதுகாப்பானாக.