ஒரே ஆல்பத்தில் நின்ற கிளைக்குழு: ‘தி போஸ்டல் சர்வீஸ்’

ஒரு பாடகர் தன் குழுவை விட்டு விலகாமலேயே வேறொருவரோடு சேர்ந்து தொடங்கும் கிளைக்குழுவைப் பொழுதுபோக்காகக் கருதும் போக்கு இண்டி ராக் விமர்சனத்தில் உண்டு. ஒரே ஆல்பத்தோடு நின்றுவிட்டால், அது பாதியில் கைவிடப்பட்ட முயற்சி என்றே எழுதப்படுகிறது. ‘தி போஸ்டல் சர்வீஸ்’ குழுவுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அதன் முதல் ஆல்பத்தைச் சிறப்பாக்கிய காரணமே இரண்டாவது ஆல்பம் வராததற்கும் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

‘டெத் கேப் ஃபார் க்யூட்டி’யின் பாடகர் பென் கிப்பர்ட், ‘டென்டெல்’ என்ற பெயரில் மின்னணு இசை படைத்துவந்த ஜிம்மி டம்பொரெல்லோவின் 2001ஆம் ஆண்டு ஆல்பத்தில் ஒரு பாடல் பாடினார். கூட்டணி அங்கிருந்து வளர்ந்தது. டம்பொரெல்லோ லாஸ் ஏஞ்சலிஸில் தாளங்களையும் சின்தசைசர் கோவைகளையும் அமைத்துத் தபாலில் அனுப்புவார். சியாட்டிலில் கிப்பர்ட் அவற்றை வெட்டி ஒட்டி, மெட்டும் வரிகளும் குரலும் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். குழுவின் பெயர் வந்ததும் இப்படித்தான்.

இந்த முறை வெறும் வசதிக்கானது அல்ல; இசையின் வடிவத்தையே அது தீர்மானித்தது. நால்வர் ஓர் அறையில் கூடி வாசிக்கும்போது பாடகரின் கிட்டாருக்கு ஏற்ப மற்றவை அமையும். இங்கே பாடகர் தானமைக்காத ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து, கிடைத்த இடைவெளியில் பாட வேண்டியிருந்தது. ‘நத்திங் பெட்டர்’ பாடலைக் கவனித்துக் கேட்டால் இது விளங்கும். காதலி பிரிந்து போகக் கூடாதென்று கிப்பர்ட் மன்றாடுகிறார். நடுவில் ‘ரைலோ கைலி’ குழுவின் ஜென்னி லூயிஸ் குறுக்கிட்டு, அவருடைய கதையை மறுத்துத் தன் தரப்பைச் சொல்கிறார். இரு குரல்களும் மோதும்போதும் டம்பொரெல்லோவின் தாளம் பதறுவதில்லை. அந்தச் சலனமின்மையே பாடலின் வலியைக் கூட்டுகிறது.

இப்படி உருவான ‘கிவ் அப்’ ஆல்பம் 2003 பிப்ரவரியில் சப் பாப் நிறுவன வெளியீடாக வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் டெத் கேப்பின் ‘ட்ரான்ஸ்அட்லாண்டிசிசம்’ வெளியானது. கிப்பர்ட்டின் நேரம் தாய்க்குழுவுக்குப் போயிற்று.

அதற்குள் அமெரிக்கத் தபால் துறை, பெயர் தன் வணிகச் சின்னம் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது. வழக்காடி முடங்குவதற்குப் பதில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. குழு பெயரை வைத்துக்கொண்டது. தபால் துறையின் நிகழ்ச்சியில் வாசிக்க ஒப்புக்கொண்டது. துறை தன் இணையதளத்தில் ஆல்பத்தை விற்க முன்வந்தது.

ஆல்பத்தின் வெற்றிக்குத் திரைப்படமே காரணம் என்று ஒரு மறுப்பு எழலாம். 2004இல் வந்த ‘கார்டன் ஸ்டேட்’ படத்தின் இசைத்தொகுப்பில் இந்த ஆல்பத்தின் ‘சச் கிரேட் ஹைட்ஸ்’ பாடலை ‘அயர்ன் அண்ட் வைன்’ பாடியிருந்தது உண்மை. ஆனால், அதில் மின்னணு ஒலி நீங்கி மெல்லிய கிட்டாரே எஞ்சியது. அப்போதும் பாடல் நின்றது என்றால் அதன் மெட்டு அவ்வளவு உறுதியானது. மேலும், ஒரு படத்தின் அலை ஓரிரு ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். ‘கிவ் அப்’ பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றிதழ் பெற்றது 2012இல். சப் பாப் வெளியீடுகளில் அதற்கு முன் அந்த எல்லையைத் தொட்டது நிர்வாணாவின் ‘பிளீச்’ மட்டுமே.

இரண்டாவது ஆல்பத்துக்கான முயற்சிகள் நடந்தன; கைகூடவில்லை. டெத் கேப் 2004இல் அட்லாண்டிக் நிறுவனத்துடன் ஒப்பந்தமான பிறகு, எந்தக் கெடுவும் இன்றிப் பாட்டுகளை அனுப்பிக்கொள்ளும் அவகாசம் இல்லை. எதிர்பார்ப்பு அற்ற நிலையில் பிறந்த இசையை, லட்சக்கணக்கானோர் காத்திருக்கும்போது அதே முறையில் மீண்டும் செய்ய இயலாது. இதைத் தோல்வி என்பது தவறான கணிப்பு.

2013இல் பத்தாண்டு நிறைவுச் சுற்றுப்பயணம் முடிந்ததும் குழு கலைந்தது. 2023இல் மீண்டும் கூடியபோது, கிப்பர்ட் ஒவ்வோர் இரவும் ‘ட்ரான்ஸ்அட்லாண்டிசிச’த்தையும் ‘கிவ் அப்’பையும் முழுமையாகப் பாடினார். மேடையில் கிடைத்த அந்தச் சம இடத்தை இண்டி ராக் வரலாற்றாசிரியர்களும் கிளைக்குழுவுக்கு வழங்க வேண்டும்.