ஒடிந்த எழுத்தின் வரலாறு

ஒலியை மொழியின் உயிர் என்றால், வரிவடிவத்தை அதன் உடல் எனலாம். அவ்வுடலை நாட்டின் மானமாகவே போற்றி, பின்னர் ஓர் ஆணையால் தள்ளிவைத்த வரலாறு ஜெர்மானியருடையது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் கையாண்ட அச்செழுத்தின் பெயர் ‘பிராக்டூர்’. ‘ஒடிந்தது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது இப்பெயர். வளைய வேண்டிய கோடுகள் ஒடிந்து கோணங்களாக நிற்பதே அதற்குக் காரணமாகும்.

1455-ஆம் ஆண்டளவில் மைன்ஸ் நகரில் விவிலியத்தை அச்சிட்ட கூட்டன்பர்க், ஏடெழுதுவோர் அகன்ற முனை இறகால் தீட்டிவந்த கறுத்த, நெருக்கமான எழுத்தையே உலோகத்தில் வார்த்தார். பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் காலத்தில் அவ்வகை எழுத்து அணிகலன் பூண்டது. 1513-இல் அவருக்கென அச்சான வழிபாட்டு நூலிலும், 1517-இல் நூரம்பர்க்கில் வெளிவந்த ‘தாயர்டாங்க்’ காவியத்திலும் பிராக்டூரின் தொடக்கத்தைக் காணலாம். அதன் பெரிய எழுத்துகளில் சுருண்டு எழும் கோட்டை ஜெர்மானியர் ‘யானைத் துதிக்கை’ என்றே அழைக்கின்றனர்.

இத்தாலியில் வளர்ந்த உருண்டை எழுத்து பிற நாடுகளில் பரவிய பின்னும், ஜெர்மானியர் தம் மொழியைப் பிராக்டூரிலும், இடையே வரும் இலத்தீன் சொற்களை உருண்டை எழுத்திலும் அச்சிட்டனர். சாய்வெழுத்து இல்லாமையால், அழுத்திக் கூறவேண்டிய சொல்லின் எழுத்துகளை இடைவெளி விட்டுக் கோத்தனர்.

தமிழுக்கும் இங்கே ஒரு தொடர்புண்டு. 1706-இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்குவின் பணிக்கான தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் உருவாயின. அந்நகரில் வெளியான தரங்கம்பாடி அறிக்கைகளை ஜெர்மானியர் பிராக்டூரில் படித்தனர்.

எந்த எழுத்து வேண்டும் என்ற வழக்கு 1911-இல் ஜெர்மானிய நாடாளுமன்றம் வரை சென்றது, மாற்றம் நேரவில்லை. நாஜிகள் முதலில் இதனைத் தூய ஜெர்மானிய எழுத்தெனக் கொண்டாடினர். ஆனால் 1941 ஜனவரி 3-ஆம் நாள் போர்மன் விடுத்த சுற்றறிக்கை, இது யூதர் எழுத்தென்று பழிசுமத்தி விலக்கியது. அது வரலாற்றுக்கு முற்றிலும் மாறான கூற்று. அச்சுற்றறிக்கைத் தாளின் தலைப்பே ஒடிந்த எழுத்தில் இருந்தது என்பது நகைப்பிற்குரியது! கைப்பற்றிய நாடுகளில் இதனைப் படிப்போர் குறைவு என்பதே உண்மைக் காரணம் என ஆய்வாளர் பலர் கருதுவர்.

இன்று கறுப்பெழுத்து அணியெழுத்தாகவே வாழ்கிறது. ‘நியூயார்க் டைம்ஸ்’ போன்ற நாளேடுகளின் பெயரிலும், பட்டச் சான்றிதழ்களிலும், பீர் புட்டிகளிலும் அதனைக் காணலாம். பெரிய எழுத்துகளை மட்டும் அடுக்கினால் சொல் விளங்காது. ஆதலின் அச்சுக்கலைஞர் அவற்றை முதலெழுத்தாக மட்டுமே ஆள்வர்.

போற்றியவரும் தூற்றியவரும் எழுத்தின்மேல் தத்தம் எண்ணத்தையே ஏற்றினர். ஆனால் இழப்போ பின்வந்தோருக்கு. பாட்டனார் படித்த நூலைப் பேரன் தன் தாய்மொழியிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலை அங்கே வந்துவிட்டது.